ஓமப்புகையும் கொஞ்சம் உப்புத்தண்ணியும்

போன ஞாயித்துக்கிழமை திருச்சியில சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம். மணமேடைக்குப் பக்கத்துலயே எனக்கு டியூட்டி. (தாம்பாளம் எடுத்துக் கொடுக்கணும், குத்துவிளக்கு அணையாம பார்த்துக்கணும், போட்டோக்காரர் அதட்டுறப்ப எல்லாம் நகர்ந்துக்கணும்.)

ஐயர் நெய்யை ஊத்த ஊத்த புகை மண்டபத்தையே தூக்குது. பொண்ணு கண்ணுல தண்ணி. மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சுறார். சித்தி முந்தானையை கண்ணுல இருந்து எடுக்கவே இல்லை. முன் வரிசை மெதுவா பின் வரிசை ஆயிடுச்சு.

நான் மட்டும் ஓமகுண்டத்துக்கு ரெண்டடி தள்ளி, கண்ணை அகலத் தொறந்துக்கிட்டு, ஐயனார் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கேன். ஒரு சொட்டு கண்ணீர் இல்லை.

அப்ப எனக்கு வந்த சந்தோஷம் மாப்பிள்ளைக்குக்கூட வந்திருக்காதுங்க.

ஏன்னா எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி இன்னொரு கல்யாணம். அன்னிக்கு கண்ணுல வேற லென்ஸ். புகையில வந்த ஒரே ஒரு தூசி லென்ஸுக்கு அடியில பூந்துடுச்சு. முகூர்த்தத்தை விட்டுட்டு கை கழுவுற இடத்துக்கு ஓடி, கண்ணை மூடவும் முடியாம தொறக்கவும் முடியாம கதறினேன். வெளிய வந்தா ரெண்டு பாட்டிங்க, "பொண்ணு மேல எவ்ளோ பாசம் பாரு, எப்படி அழுவுது"ன்னு பேசிக்கிறாங்க. (அந்தப் பொண்ணுகிட்ட நான் அதுக்கு முன்னாடி மொத்தமா நாலு வார்த்தைதான் பேசியிருப்பேன்.)

சரி, இந்த ஞாயிறுக்கு வருவோம். பந்தியில பக்கத்து இலைக்கு ஒரு மாமா. அப்பாவுக்குத் தூரத்து சொந்தம். என்னை உத்துப் பார்த்துட்டு ஆரம்பிச்சார்.

"என்னம்மா, சோடாபுட்டியைக் காணோம்? லென்ஸா? ஸ்டைலா? அதுக்கு ஒரு லேசர் பண்ணிக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சுதே. என் மச்சினன் பையன் காலையில போனான், சாயங்காலம் பேப்பர் படிச்சான்."

அவருக்கு அந்தப் பக்கம் அவர் பேரன். பதிமூணு வயசு இருக்கும். ரெண்டு கை முட்டியையும் கண்ணுல வெச்சு, மாவு ஆட்டுற மாதிரி தேய்ச்சுக்கிட்டு இருந்தான். "தம்பி, தேய்க்காதடா"ன்னேன். "அவன் எப்பவும் அப்படித்தான், தூசி அலர்ஜி"ன்னார் மாமா. சொல்லிட்டு ரசத்துக்குப் போயிட்டார்.

நானும் சிரிச்சு வெச்சேன். அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்கணும்னு சென்னை பஸ்ஸுலதான் தோணுச்சு. (எனக்கு பதில் எல்லாம் பஸ்ஸுலதான் வரும்.) அதான் இங்க கொட்டுறேன்.

எனக்கு கெரட்டோகோனஸ். பேரு வாயில நுழையாது, கவலைப்படாதீங்க, எனக்கே நுழைய ரெண்டு மாசம் ஆச்சு. கிரேக்கத்துல கொம்பு, லத்தீன்ல கூம்பு, ரெண்டையும் ஒட்டி வெச்ச பேரு. கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கே கார்னியா, அது சாதாரணமா உருண்டையா, நடுவுல அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமனா இருக்கும். எங்களுக்கு அது ஒரு இடத்துல மெலிஞ்சு, பலம் இல்லாம, முன்னாடி பிதுங்கும். பழைய சைக்கிள் ட்யூப்ல காத்தடிச்சா வீக்கான இடத்துல மட்டும் மொட்டு மாதிரி புடைக்குமே, அப்படி.

பெரும்பாலும் பதின்ம வயசுல ஆரம்பிக்கும். முப்பது, நாப்பது வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், அப்புறம் அதுவா ஓயும். அலர்ஜி இருக்கறவங்க, கண்ணை ஓயாம தேய்க்கறவங்களுக்கு ஆபத்து அதிகம். நான் சின்ன வயசுல கண்ணைத் தேய்க்கறதுல மாவட்ட அளவுல பரிசு வாங்கியிருக்கலாம். (அம்மா இப்ப டிவி முன்னாடி உட்கார்ந்து கண்ணைத் தொட்டாகூட நான் கத்துறேன். பழி வாங்கல் எல்லாம் இல்லை.)

மொதல்ல எனக்குத் தெரிஞ்சது எப்படின்னா, திருக்கார்த்திகை. பன்னெண்டாவது படிக்கறேன். வாசல்ல வரிசையா அகல் வெச்சாச்சு. தள்ளி நின்னு பார்த்தா ஒவ்வொரு அகல்லயும் அஞ்சாறு சுடர். எல்லாம் கீழ்ப்பக்கமா வால் வேற விடுது. "சூப்பரா இருக்குல்ல?"ன்னு தங்கச்சியைக் கேட்டேன். "என்னது?"ன்னா. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்!

அப்புறம் ரெண்டு வருஷம் கண்ணாடிக் கடை கண்ணாடிக் கடையா ஏறினோம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிலிண்டர் பவர் ஏறும். புதுக் கண்ணாடி ரெண்டு மாசம் நல்லா இருக்கும், அப்புறம் பழைய கதை. ஒரு கடையில "செல்போன் பார்க்கறதைக் குறைம்மா"ன்னாங்க. அப்ப என்கிட்ட செல்போனே கிடையாது. கடைசியா ஒரு ஆஸ்பத்திரியில ஒரு பெரிய டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, கார்னியாவை மேப் மாதிரி படம் எடுக்கற டெஸ்ட்டுக்கு அனுப்பினார். டோப்போகிராஃபி. கலர் கலரா வரும். நீலம், பச்சை எல்லாம் தட்டை, சிவப்பு மேடு. என் படம் வந்தப்ப நடுவுக்குக் கொஞ்சம் கீழ தக்காளி நசுங்கின மாதிரி இருந்துச்சு.

இங்கதான் மாமாவுக்கு முதல் பதில். லேசர்னு அவர் சொன்னது லேசிக். அது கார்னியாவைச் செதுக்கி பவரைச் சரி பண்ற வேலை. எங்க கார்னியா ஏற்கனவே மெலிஞ்சு கிடக்கு. அதைப் போய் இன்னும் செதுக்கினா என்ன ஆகும்? இடியப் போற சுவத்துல அலமாரிக்கு இடம் வெட்டுற கதைதான். அதனாலதான் நல்ல ஆஸ்பத்திரியில லேசிக்குக்கு முன்னாடி இந்த மேப்பைப் பார்த்து, எங்க ஆளுங்களைக் கதவோட திருப்பி அனுப்புவாங்க.

இன்னொண்ணு இருக்கு, சி3ஆர்னு சொல்வாங்க. கண்ணுல வைட்டமின் பி2 சொட்டு விட்டுக்கிட்டே இருந்து, அப்புறம் புற ஊதா வெளிச்சம் காட்டுவாங்க. கார்னியாவுக்குள்ள இருக்கற நாருங்க ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கும். ஜெர்மனியில ட்ரெஸ்டன்ல கண்டுபிடிச்சு, 2003ல மனுஷக் கண்ணுல செஞ்ச முடிவை வெளியிட்டாங்க. பழைய முறையில சொட்டு அரை மணி, வெளிச்சம் அரை மணி. எனக்கு ரெண்டு கண்ணுக்கும் பண்ணியாச்சு. (மொத மூணு நாள் கண்ணுல மிளகாய்ப்பொடி. அவ்ளோதான் சொல்வேன்.)

ஆனா ஒரு விஷயம் நல்லா புரிஞ்சுக்கணும். சி3ஆர் நோய் மேல ஏறாம நிறுத்தத்தான். பார்வையைத் திருப்பிக் கொடுக்கறது அதோட வேலை இல்லை. லென்ஸ் பார்வை கொடுக்கும், நோயை நிறுத்தாது. ரெண்டையும் குழப்பிக்கிட்டு "லென்ஸ் போட்டுட்டேன், இனிமே ஏறாது"ன்னு நிம்மதியா நான் ஒரு வருஷம் செக்கப்புக்கே போகலை. இடது கண்ணு அந்த வருஷத்துலதான் ரொம்ப கெட்டுச்சு. என் முட்டாள்தனம், வேற யாரையும் சொல்லி என்ன பண்ண.

இப்ப லென்ஸு.

மொதல்ல எல்லாரும் கேக்கறது, மூக்குக்கண்ணாடி ஏன் ஆகாது? ஆரம்பத்துல ஆகும். லேசா இருக்கறவங்க கண்ணாடியிலயே காலத்தை ஓட்டிடலாம். ஆனா கூம்பு கோணல்மாணலா ஆயிட்டா, கண்ணாடியில அந்தக் கோணலுக்கு எந்தப் பவரும் கிடையாது. ஒரு எழுத்து நாலா தெரியறதை கண்ணாடி கொஞ்சம் தெளிவாக்கிக் காட்டும். நாலு தெளிவான எழுத்து. என்ன பிரயோஜனம்?

எனக்கு மொதல்ல கொடுத்தது சாஃப்ட் டோரிக். மெத்துனு இருக்கற சாதாரண லென்ஸ், சிலிண்டர் பவரோட. போட்டா கண்ணுல இருக்கறதே தெரியாது. பார்வையும் மாறினதே தெரியாது! மெல்லிசு லென்ஸ் இல்லையா, கார்னியா எப்படி இருக்கோ அது மேல அப்படியே படிஞ்சுடும். தூங்கறவன் மேல போர்வையைப் போர்த்தினா தொப்பை தெரியாமலா போயிடும்? கெரட்டோகோனஸுக்குன்னே நடுவுல தடிமனா பண்ணின சாஃப்ட் லென்ஸும் இருக்கு, கெராசாஃப்ட் மாதிரி. கொஞ்சம் விறைப்பா நிக்கும். ஆரம்ப கட்டத்துல இருக்கற சிலருக்கு அதுவே போதும். நான் அந்தக் கட்டத்தை எப்பவோ தாண்டிட்டேன்.

அடுத்து ஆர்ஜிபி. நம்ம ஊர்ல இதுக்கு "செமி சாஃப்ட்"னு பேரு.

இந்தப் பேரை வெச்சவரை நான் தேடிக்கிட்டு இருக்கேன். கல்லுக்கு "பாதிப் பஞ்சு"ன்னு பேர் வெச்ச மாதிரி. அது விறைப்பான பிளாஸ்டிக்குங்க. சின்னதா, ஒன்பது பத்து மில்லிமீட்டர் அகலம், கருவிழியை விடச் சின்னது. ஆக்ஸிஜன் மட்டும் உள்ள போகும், வளையாது.

அந்த வளையாத குணம்தான் மருந்தே. நம்ம ரோடு குண்டும் குழியுமா இருக்கும். மழை பெஞ்சு தண்ணி நின்னா மேல பார்க்க கண்ணாடி மாதிரி சமமா இருக்குமே? அதேதான். விறைப்பான லென்ஸுக்கும் கோணல் கார்னியாவுக்கும் நடுவுல கண்ணீர் போய் நிரம்பிக்கும். ஒளியை வளைக்கறதுல கண்ணீரும் கார்னியாவும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. அதனால வெளிச்சத்துக்கு அந்தக் குண்டுகுழி பெருசா தெரியாது. வழவழப்பான லென்ஸ் மேற்பரப்புதான் புதுக் கார்னியா.

மொத நாள் ட்ரையல் லென்ஸ் போட்டாங்க. கண்ணுக்குள்ள வெங்காயச் சருகை வெச்சுத் தெச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணீர் கொட்டுது, மூக்கு ஒழுகுது. ஆப்டோமெட்ரிஸ்ட் பொண்ணு பொறுமையா, "அக்கா, அரை மணி நேரம் கீழ பார்த்துக்கிட்டு உட்காருங்க, அடங்கும்"ன்னா. அடங்குச்சு, ஒரு மாதிரி. அப்புறம் ஆரஞ்சு கலர் சாயத்தை சின்னப் பேப்பர் பட்டையில தொட்டு கண்ணுல வெச்சு, நீல வெளிச்சத்துல பார்த்தா. லென்ஸுக்கு அடியில கண்ணீர் எங்க தேங்குதோ அங்க பச்சையா ஜொலிக்கும். எங்க லென்ஸ் கார்னியாவை இடிக்குதோ அங்க கறுப்பா இருக்கும். கூம்பு உச்சியில பலமா இடிச்சா நாளாக ஆக அங்க தழும்பு விழலாம். ரொம்பத் தூக்கலா இருந்தா கொப்புளம் மாதிரி காத்து நிக்கும். உச்சியில பட்டும் படாம, ஓரத்துல கொஞ்சம் தாங்கி, இமை சிமிட்டினா லேசா நகர்ந்து... இட்லி மாவு பதம் மாதிரிங்க இது. கை அறிஞ்சு வரணும். அன்னிக்கு எனக்கு ஏழு ட்ரையல் லென்ஸ் மாத்தினா. ஏழாவதுல அந்தப் பொண்ணு முகத்துல ஒரு சிரிப்பு.

அப்புறம் எதிர்த்த சுவத்துல இருக்கற எழுத்தைப் பார்க்கச் சொன்னா.

கடைசிக்கு முந்தின வரி. ஒவ்வொரு எழுத்தும் ஒண்ணே ஒண்ணு! ஜன்னல் வழியா வேப்பமரம் தெரிஞ்சுது. அது பச்சையா ஒரு மேகம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதுல தனித்தனியா இலை இருந்துச்சுங்க. நான் அழுதேன். லென்ஸ் உறுத்துதுன்னு அவ நினைச்சுக்கிட்டா.

கூம்புக்குன்னே வடிவமைச்ச ஆர்ஜிபியில பேர் போனது ரோஸ் கே. நியூசிலாந்துல ஹாமில்டன் ஊர்ல பால் ரோஸ்னு ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட் பண்ணினது. (ரோஸ் கலர்ல இருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். கே-ன்னா கெரட்டோகோனஸ். ரோஸ்னா அவர்.) சாதாரண ஆர்ஜிபிக்கு நடுவுல ஒரு வளைவு, ஓரத்துல கொஞ்சம்னு இருக்கும். இதுல கூம்பு எவ்ளோ செங்குத்தோ அதுக்குத் தகுந்த மாதிரி வளைவை மாத்திக்கிட்டே போவாங்க. நான் நாலு வருஷம் இதுலதான் ஓட்டினேன். வேலைக்குப் போனது, டிகிரி முடிச்சது, ஸ்கூட்டி கத்துக்கிட்டது எல்லாம் இதால.

ஆனா ஸ்கூட்டியாலதான் விட்டேன்.

தாம்பரத்துல இருந்து கிண்டி வரைக்கும் தினம் ஜி.எஸ்.டி. ரோடு. மெட்ரோவுக்கு, பாலத்துக்கு, எதுக்குன்னே தெரியாம தோண்டின குழிக்குன்னு எப்பவும் மண்ணு பறக்கும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாலும் எங்கேயோ ஒரு துகள் வரும். சின்ன லென்ஸ், ஆடுற லென்ஸ், தூசி நேரா அடியில போயிடும். கார்னியாவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல மணல். பல்லாவரம் பாலத்துக்குக் கீழ ஓரம் கட்டி, ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு நான் அழாத மாசமே கிடையாது. ஒரு தடவை டிராஃபிக் கான்ஸ்டபிள் வந்து, "ஏம்மா, வீட்டுல பிரச்சனையா?"ன்னு கேட்டு தண்ணி பாட்டில் கொடுத்தார். "லென்ஸ் சார்"னேன். நம்பலை. "எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்மா"ன்னார். நல்ல மனுஷன்.

அது போதாதுன்னு கண்ணுல இருந்து தெறிச்சு வேற போகும். ஆபீஸ் மீட்டிங்ல, பஸ்ஸுல, ஒரு தடவை சாம்பார்ல. (கண்டுபிடிச்சேன். முருங்கைக்காய் மேல இருந்துச்சு. திரும்பப் போட்டுக்கலை, தைரியமா இருங்க.) வாஷ்பேசின் அடைப்பானை மூடாம லென்ஸ் கழட்டினவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. நம்ம சங்கத்துல ஆயுள் உறுப்பினர் நீங்க.

உறுத்தல் தாங்கலைன்னு சொன்னப்ப பிக்கிபேக் பண்ணிப் பார்த்தாங்க. அடியில சாஃப்ட் லென்ஸ், அது மேல ஆர்ஜிபி. மெத்தை போட்டு மேல பலகை. சுகமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு கண்ணுக்கு ரெண்டு லென்ஸ், ரெண்டு கண்ணுக்கு நாலு. டப்பா ரெண்டு ஜோடி. ராத்திரி தூக்கக் கலக்கத்துல எது எதுல போட்டேன்னு தெரியாம நான் பட்ட பாடு! ரெண்டு அடுக்கு இருக்கறதால ஆக்ஸிஜன் போறதையும் பார்த்துக்கணும், டாக்டர் அடிக்கடி வரச் சொன்னார். அஞ்சு மாசம் தாங்கினேன். ஹைப்ரிட்னு ஒண்ணும் இருக்கு, நடுவுல விறைப்பு, ஓரத்துல மெத்துனு பாவாடை, ஒரே லென்ஸா ஒட்டினது. ட்ரையல்ல ஒரு மணி நேரம் போட்டதோட சரி. என் கூம்புக்கு அது சரியா உட்காரலை. அதனால அதைப் பத்தி நல்லதோ கெட்டதோ பேச எனக்கு உரிமை இல்லை.

கடைசியா வந்து சேர்ந்தது ஸ்க்ளீரல் லென்ஸ். ஓமப்புகையில என்னை சிலையாக்கின மகராசி.

மொத தடவை டப்பாவைத் தொறந்தப்ப சிரிப்பு வந்துடுச்சு. பொம்மை டீ செட்டுல வர்ற கிண்ணம் மாதிரி இருந்துச்சு! கருவிழி கிட்டத்தட்ட பன்னெண்டு மில்லிமீட்டர்தான். இந்த லென்ஸ் பதினஞ்சு, பதினாறு, பதினெட்டுன்னு போகும். கார்னியாவைத் தொடவே தொடாது. அதைத் தாண்டி கண்ணோட வெள்ளைப் பகுதியில உட்காரும். கார்னியாவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல ரெண்டு மூணு தலைமுடி தடிமனுக்கு இடைவெளி, அதுல பூரா உப்புத்தண்ணி. அதான் தூசி போக வழியில்லை, புகை போக வழியில்லை. கார்னியா நாள் பூரா குளத்துல ஊறிக்கிட்டு இருக்கும். வலி நரம்பு எல்லாம் கார்னியாவுலதான் நெருக்கமா இருக்கு, வெள்ளைப் பகுதியில அவ்வளவு இல்லை. இவ்ளோ பெரிய கிண்ணம் கண்ணுல இருக்கறதே மறந்து போற ரகசியம் இதுதான்.

வெங்காயம் வெட்டினாலும் அழுகை வராது. எங்க வீட்டுல இப்ப சின்ன வெங்காயம் உரிக்கறது என் துறை. இந்த ஒரு பக்கவிளைவை டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இதுல என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்தினது இதோட சரித்திரம். ஏதோ லேட்டஸ்ட் டெக்னாலஜின்னு நினைச்சேன். இல்லையாம்! உலகத்துல மொத மொதல்ல பண்ணின காண்டாக்ட் லென்ஸே இந்தக் கிண்ண ஜாதிதான். 1888ல சூரிச்ல அடால்ஃப் ஃபிக்னு ஒரு கண் டாக்டர், ஊதின கண்ணாடியில கிண்ணம் பண்ணி, உள்ள சர்க்கரைத் தண்ணி ஊத்தி, மொதல்ல முயல் கண்ணுல, அப்புறம் தன் கண்ணுலயே வெச்சுப் பார்த்திருக்கார். அதே வருஷம் பாரிஸ்ல யூஜீன் கால்ட்னு இன்னொருத்தர் கெரட்டோகோனஸ்காரங்களுக்கே கண்ணாடி லென்ஸ் போட்டுப் பார்த்தார். அதாவது, இன்னிக்கு ஊரு உலகமே கலர் கலரா போட்டுக்கிட்டு செல்ஃபி எடுக்கற காண்டாக்ட் லென்ஸ், பொறந்தப்பவே எங்க ஆளுங்களைத்தான் மொதல்ல பார்த்துச்சு. மாமா, கேக்குதா? ஸ்டைலுக்கு இல்லை!

ஆனா கண்ணாடிக் கிண்ணம் ஆக்ஸிஜனை விடாது. கொஞ்ச நேரத்துலயே கண்ணு மூச்சுத் திணறிடும். 1948ல அமெரிக்காவுல கெவின் டூஹி சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் பண்ணினதும் எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. அப்புறம் செக் நாட்டுக்காரர் ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்துல, வீட்டுல, பையனோட விளையாட்டு சாமான் செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வெச்சு ஒரு மெஷின் கட்டி சாஃப்ட் லென்ஸ் சுழட்டி எடுத்தார். (நம்ம வீட்டுல சைக்கிள் டைனமோவைக் கழட்டினா அப்பா சும்மா விட்டிருப்பாரா?) ஆக்ஸிஜன் போற பிளாஸ்டிக் வந்த பிறகு, 1980கள்லதான் பழைய பெரிய கிண்ணத்துக்கு மறுபடி உயிர் வந்துச்சு. சுத்திச் சுத்தி மொத வீட்டுக்கே.

புகழ்ந்தது போதும், இதோட சேஷ்டையையும் சொல்லணும்.

போடறதே ஒரு பூஜை. மேஜை மேல கண்ணாடியைப் படுக்க வெச்சு, முகத்தைத் தரைக்கு நேரா குனிஞ்சுக்கணும். சின்ன ரப்பர் குழலு, பிளஞ்சர்னு சொல்வாங்க, அது தலையில லென்ஸை நிமித்தி வெச்சு, வழிய வழிய சலைன் ஊத்தணும். ரெண்டு இமையையும் ஒரு கையால பிரிச்சு, குனிஞ்ச வாக்குல கண்ணை லென்ஸுக்குள்ள கொண்டு போகணும். துளி காத்து உள்ள போச்சுன்னா குமிழி. குமிழி வந்தா பார்வைக்கு நடுவுல ஒரு பூச்சி நீந்தும். கழட்டு, மறுபடி ஊத்து, மறுபடி குனி. மொத நாள் வீட்டுல ஒரு மணி நேரத்துல பதினோரு தடவை. சட்டை, மேஜை, தரை எல்லாம் உப்புத்தண்ணி. அம்மா எட்டிப் பார்த்துட்டு, "முகம் கழுவணும்னா பாத்ரூமுக்குப் போயேன்டி"ன்னா.

இப்ப ரெண்டு நிமிஷம். ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து.

கழட்டறதுக்கு வேற சின்ன பிளஞ்சர். அதை நனைச்சு, லென்ஸோட கீழ் ஓரத்துல ஒட்டி, ஓரத்தைக் கிளப்பணும். மொத வாரம் நான் நட்டநடுவுல ஒட்டி இழுத்தேன். கண்ணே கூட வர்ற மாதிரி இருந்துச்சு. அப்படி இழுக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். இமையோரத்தை விரலால லேசா அமுக்கினா சின்னக் குமிழி ஒண்ணு உள்ள போய் பிடி விடும், அப்புறம் வழுக்கிக்கிட்டு வரும். இன்னொரு தடவை பிளஞ்சரைத் தேடினா காணோம். கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடி, ஆபீசுக்கு லேட்டுன்னு போன் பண்ணி... கடைசியில அக்கா பையன் பாத்ரூம் டைல்ஸ்ல ஒட்டி விளையாடிக்கிட்டு இருந்தான். இப்ப கைப்பையில ஒண்ணு, ஆபீஸ் டிராயர்ல ஒண்ணு, பீரோவுல நகைப் பெட்டி பக்கத்துல ஒண்ணு.

உள்ள ஊத்தற தண்ணி விஷயத்துல விளையாடக்கூடாது. ப்ரிசர்வேட்டிவ் கலக்காத 0.9 சதவீத சலைன். சின்ன குப்பியா வர்றது, தொறந்தா அதோட தூக்கிப் போடறது. அவசரத்துல ஒரு நாள் லென்ஸ் கழுவற சொல்யூஷனையே ஊத்திப் போட்டுக்கிட்டேன். கழுவற மருந்து கண்ணுக்குள்ள நாள் பூரா தேங்கி நின்னா என்ன ஆகும்? நான் பத்து நிமிஷம்கூட தாங்கலை. குழாய்த் தண்ணி, கேன் தண்ணி, வீட்டுல உப்பு கரைச்ச தண்ணி எதுவும் லென்ஸ் பக்கமே வரக்கூடாது. தண்ணியில அகாந்தமீபான்னு ஒரு கிருமி இருக்கும். அது கார்னியாவுல பிடிச்சா மாசக்கணக்குல மருந்து, பார்வைக்கே ஆபத்து. லென்ஸோட குளிக்கறது, தூங்கறது ரெண்டும் கிடையாது. கண்ணு சிவந்து வலிச்சா கழட்டிட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடணும். இந்தப் பத்தியில மட்டும் ஜோக் இல்லை.

மத்தியானம் மூணு மணிக்கு மேல எனக்கு மார்கழி மாசம் வந்துடும். உள்ள தேங்கின தண்ணி கலங்கி, பார்வை பனி மூட்டமா ஆகும். எல்லாருக்கும் வராது, நிறைய பேருக்கு வரும். கழட்டி, கழுவி, புது சலைன் ஊத்திப் போட்டா மறுபடி சித்திரை வெயில். ஆபீஸ்ல நான் மூணு மணிக்குக் கைப்பையோட எழுந்தா டீக்குப் போறேன்னு நினைச்சுப்பாங்க. (டீக்கும் போவேன்.)

அப்புறம் காசு. செமி சாஃப்ட் ஆயிரக்கணக்குல முடிஞ்சுது. ஸ்க்ளீரல் பத்தாயிரக்கணக்கு, அதுவும் ஒவ்வொரு கண்ணுக்கு. சில வருஷத்துல மாத்தணும். இன்சூரன்ஸ்ல கேட்டேன். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். "காண்டாக்ட் லென்ஸ் எல்லாம் அழகு சாதனம் மேடம்"னு போன்ல ஒரு பையன் சொன்னான். "லென்ஸ் இல்லாம எனக்கு பஸ் நம்பர் தெரியாதுப்பா"ன்னேன். "புரியுது மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா?"ன்னான்.

இதெல்லாம் படிச்சுட்டு "சரி, ஸ்க்ளீரல்தான் பெஸ்ட்டு"ன்னு நீங்க கிளம்பிடுவீங்க. அங்கதான் எனக்குக் கோபமே. நண்பரோட நண்பர் ஒருத்தர் போன மாசம் போன் பண்ணி, "பையனுக்கு உங்க பிரச்சனைதான். எந்த லென்ஸ் நல்லது, பேரை மட்டும் சொல்லுங்க, ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடறேன்"ன்னார். செருப்புகூட அளவு பார்த்துதானே சார் வாங்கறோம்?

என்னோட சி3ஆர் வார்டுல பக்கத்து பெட்டுல இருந்த அக்கா பன்னெண்டு வருஷமா ரோஸ் கேயில ஜம்முனு இருக்காங்க. ஸ்க்ளீரலைப் போட்டுப் பார்த்துட்டு, குனிஞ்சு ஊத்தற பொறுமை இல்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அவங்க ஏ.சி. ரூம்ல வேலை பார்க்கறாங்க, தூசி இல்லை. எனக்குத் தெரிஞ்ச காலேஜ் பையனுக்கு வெறும் சாஃப்ட் லென்ஸே போதுது. கூடைப்பந்து வீரர் ஸ்டீஃபன் கரிக்கும் நம்ம வியாதிதான். 2019ல அவரே சொன்னார், லென்ஸ் போட்ட பிறகுதான் உலகமே தெளிவாச்சுன்னு. அவ்ளோ தூரத்துல இருந்து கூடையில போடற ஆளு அதுவரைக்கும் கண்ணைச் சுருக்கிக்கிட்டே போட்டிருக்கார்!

சாயங்காலம் எட்டு மணி வரைக்கும் எது உங்க கண்ணுல சண்டை போடாம இருக்கோ அதுதான் உங்களுக்கு நல்ல லென்ஸ். அதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கறது பெட்டி மேல இருக்கற பேர் கிடையாது. ஏழு ட்ரையல் மாத்தின அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பொண்ணுதான். என் ஸ்க்ளீரலையே நாலு தடவை திருப்பிச் செய்யச் சொன்னா. இடது பக்கம் ஓரம் ரத்தக் குழாயை அமுக்குதுன்னு ஒரு தடவை, உச்சியில இடைவெளி கம்மின்னு ஒரு தடவை. ரெண்டு மாசம் ஆச்சு. அலுத்துக்கிட்டேன், சண்டைகூட போட்டேன். இன்னிக்கு அவ எனக்குக் கல்யாணப் பத்திரிகை வெச்சா நான் மொத ஆளா போய் ஓமகுண்டம் பக்கத்துல உட்காருவேன்.

இவ்வளவும் எழுதி முடிச்சு வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி போன். திருச்சி மாமா.

"என்னம்மா, அன்னிக்கு உங்கப்பாகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். உன் கண்ணு கதையைச் சொன்னான். எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பேரனுக்கு சிலிண்டர் பவர் ஒன்றரை வருஷத்துல மூணு தடவை மாத்தியாச்சு. அந்த மேப் மாதிரி எடுக்கற டெஸ்ட்டு, அது பேரு என்ன?"

"டோப்போகிராஃபி மாமா. கார்னியா டோப்போகிராஃபி. தள்ளிப் போடாதீங்க, இந்த வாரமே எடுத்துடுங்க. அதுவரைக்கும் அவன் கையைக் கண்ணுக்குப் போக விடாதீங்க."

"டோப்பா... என்னது? இரு இரு, வாட்ஸப்ல அனுப்பு. பெரிய எழுத்துல அனுப்பும்மா, எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது."